நீரிழிவும் குருதிப் புரதங்களும்

நீரிழிவென்றாற் குருதியில் வெல்லம் மிகுதல் என்றே பலரும் கொள்வர். குருதியின் புரதங்களும் அந்நோயில் மாறுகின்றன என்பது அத்துணை அறியப்பட்டதன்று.

1889ஆம் ஆண்டில் வொன் மெரிங், மின்கோவ்ஸ்கி என்போர் நாயின் சதையியை நீக்கி நீரிழிவை உண்டாக்கினர். 1943இல், அலொட்சன் என்னும் பொருள் இன்சுலின் சுரக்குங் கலங்களை அழிப்பதென அறியப்பட்டது. அதன்பின் கத்தியின்றியே எலிகளை நீரிழிவுறச் செய்தல் எளிதாயிற்று.

புரதங்களை மின்புலத்திற் பிரிக்கும் முறையைத் திசேலியசு 1937இல் திருத்தமுற அமைத்தார். நலமுள்ள எலியின் குருதித் திரவத்தையும் நீரிழிவுற்ற எலியினதையும் இவ்வாறு பிரித்து ஒப்புநோக்கின், பின்னதில் அல்புமின் குறைந்திருக்கக் காணலாம். அல்புமினை ஆக்குவது ஈரல். அவ்வாக்கத்தை ஊக்குவனவற்றுள் இன்சுலினும் ஒன்று.

ஆயினும் ஓர் ஐயம் எழும். அலொட்சன் நஞ்சன்றோ? அது ஈரலையே நேரே தாக்கியிருத்தல் கூடாதோ? இரு கூட்டங்களை மாத்திரம் ஒப்பிடும் ஆய்வு இதற்கு விடை பகராது. நஞ்சேற்றியபின் இன்சுலினும் ஊட்டப்பெற்ற மூன்றாங் கூட்டமொன்று வேண்டும். அத்தகைய எலிகளில் அல்புமின் ஆக்கம் மீளுகின்றது. ஆகவே குறை பெரிதும் இன்சுலின் இன்மையால் வந்ததேயாம். அக்கூட்டமில்லா ஆய்வு எத்துணை அட்டவணைகளை அடுக்கினும் ஐயத்துக்கிடமானதே.

அளவு மட்டுமன்றித் தன்மையும் மாறும். மிகுந்த வெல்லம் அல்புமினோடு தானே பிணைகின்றது. மனிதரில் அல்புமின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 20 நாட்கள் செல்லும். ஆதலின் வெல்லம் பிணைந்த அல்புமினை அளந்து, கடந்த இரண்டு மூன்று கிழமைகளின் நிலையை மருத்துவர் அறிவர். எலியிலோ அதற்குச் சில நாட்களே போதும். அக்கணக்கை எலிக்கு அப்படியே ஏற்றுதல் பொருந்தாது.