முதல் தவறு யார் உடம்பில்?

கல்விக் கண்காட்சிக்கு மாணவர்களை அழைத்துப் போனால் கூட்டம் எங்கே சேரும் என்று எனக்கு முன்பே தெரியும். கண்களை மூடும் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு பிடிகளோடு, இல்லாத நோயாளிக்கு அறுவை சிகிச்சை செய்து பார்க்கும் இடத்தில்தான். தஞ்சோங் டாவாயில் நான் அறிவியல் டியூஷன் நடத்துகிறேன். படிவம் 5 பிள்ளைகள் திரும்பி வந்து கேட்பார்கள்: "டீச்சர், கேம் விளையாடியே சர்ஜன் ஆகிவிடலாமா?"

முடியாது. ஆனால் அந்த மெய்நிகர் கருவி வெறும் விளையாட்டுப் பொருளும் அல்ல. அறுவை மருத்துவர் தம் முதல் தவறை எங்கே செய்வது என்ற பழைய கேள்விக்கு அது ஒரு பதில்.

எந்தக் கைத்தொழிலிலும் முதல் நாள் கை தடுமாறும். தையல்காரர் துணியைக் கெடுப்பார், தச்சர் பலகையைக் கெடுப்பார். அறுவை மருத்துவர்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த பயிற்சி முறையைப் பல நாடுகள் நெடுங்காலம் பின்பற்றின. முதலில் மூத்தவர் அருகில் நின்று பார்க்க வேண்டும். பிறகு அவர் கண்காணிப்பில் தானே செய்ய வேண்டும். பொறுப்பு படிப்படியாகக் கூடும். "ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு" என்று மருத்துவர்கள் இதைச் சுருக்கிச் சொல்வார்கள்.

அந்த "ஒன்று" ஒரு மனிதர். பயிற்சி அதிகம் நடப்பது பெரிய அரசு மருத்துவமனைகளில். அங்கே படுத்திருப்பவர்களில் பலர் தனியாரிடம் போக வசதி இல்லாதவர்கள்: தோட்டத்தை விட்டு வந்த நம் தாத்தா பாட்டிகள், மீனவர்கள், தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். சில வெள்ளிக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்க முடிகிறது, புதியவர் பக்கத்தில் மூத்தவரும் நிற்கிறார், எல்லாம் உண்மைதான். இருந்தாலும் புதிய கை பழகும் சுமை எந்தக் குடும்பங்கள் மேல் அதிகம் விழுகிறது என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

விமானத் துறை இந்தக் கேள்வியை முன்பே சந்தித்துவிட்டது. அமெரிக்காவில் இசைக்கருவித் தொழிற்சாலைக்காரர் மகனான எட்வின் லிங்க், காற்றுத் துருத்திகளை வைத்துத் தரையிலேயே ஆடி அசையும் பயிற்சி விமானத்தை 1929இல் உருவாக்கினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1934இல் தபால் விமானங்களை ஓட்டிய ராணுவ விமானிகள் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது.

அறுவை சிகிச்சைக்கு அந்த நெருக்கடி லேப்பராஸ்கோப்பி வடிவில் வந்தது. 1985இல் ஜெர்மனியின் எரிக் மூஹே, வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியாகவே பித்தப்பையை எடுத்தார். சில ஆண்டுகளில் இந்த முறை உலகெங்கும் பரவியது. நோயாளிக்கு வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். மருத்துவருக்கோ கைப்பழக்கமே தலைகீழானது. நீண்ட கருவி வயிற்றுச் சுவரில் உள்ள துளையில் நெம்புகோல் போலத் தாங்கி நிற்கும். கை வலப்பக்கம் போனால் கருவியின் நுனி உள்ளே இடப்பக்கம் போகும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். படகு எஞ்சினின் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். முகத்துவாரத்தைக் கடந்து பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகு ஓட்டுகிறவருக்கு அது யோசிக்காமலே வரும். முதல் நாள் பிடிக்கிறவர் படகை எங்கேயாவது கொண்டுபோய் இடிப்பார். படகு இடித்தால் பெயின்ட்தான் போகும்.

சரி, கருவியில் பழகினால் உண்மையான ஆப்பரேஷனில் பலன் தெரியுமா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை வைத்து நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி மட்டும். மறு பாதிக்கு அதோடு மெய்நிகர் கருவிப் பயிற்சியும் சேர்ந்தது. திரையில் ரத்தமோ குடலோ கிடையாது; வெறும் வடிவங்கள்தான், அவற்றைப் பிடிக்க வேண்டும், நகர்த்த வேண்டும், சரியான இடத்தில் சுட வேண்டும். இத்தனை மணி நேரம் பழகினால் போதும் என்ற கணக்கும் இல்லை. அனுபவசாலிகள் அதே கருவியில் காட்டிய தரத்தை எட்டும்வரை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

பிறகு 16 பேரும் மூத்தவர் கண்காணிப்பில் உண்மையான பித்தப்பை அறுவையில் ஒரு பகுதியைச் செய்தார்கள். யார் எந்தக் குழு என்று தெரியாதவர்கள் வீடியோவைப் பார்த்துத் தவறுகளை எண்ணினார்கள். கருவியில் பழகியவர்கள் 29 விழுக்காடு வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தேவையில்லாத இடத்தைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது.

ஆய்வு சிறியதுதான். எனக்கு அதில் பிடித்தது வேகம் அல்ல, அந்த "எட்டும்வரை" என்ற நிபந்தனை. நம் பள்ளிகளில் ஒரு பாடத்தில் 45 மதிப்பெண் எடுத்தாலும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அங்கே அப்படிப் போக முடியாது.

கண்ணில் இடம் இன்னும் குறுகல். கண்புரையை எடுக்கும்போது லென்ஸின் பின்பக்கப் படலம் கிழிந்துவிடக் கூடாது. அதன் தடிமன் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தியாவில் புதியவர்கள் ஆட்டுக்கண்ணில் பழகுவது வழக்கம். பிரிட்டனில் ஐசி என்ற மெய்நிகர் கருவி பயிற்சி மருத்துவர்களுக்குப் பரவலாகக் கிடைத்த காலத்தில், முதல் இரண்டு ஆண்டுப் பயிற்சியில் இருப்பவர்கள் கையில் படலம் கிழியும் விகிதம் 2009இல் 4.2 விழுக்காடாக இருந்தது, 2015இல் 2.6 ஆனது. சுமார் 18,000 அறுவைகளின் பதிவிலிருந்து எடுத்த கணக்கு இது.

கருவிக்குக் குறையும் உண்டு, முக்கியமாகத் தொடுவுணர்வு. பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கத்தி பட்டையில் போதிய ஆழம் போனால்தான் பால் நன்றாக வரும். இன்னும் ஒரு மில்லிமீட்டர் போனால் மரத்தில் காயம், பிறகு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். விடியற்காலை இருட்டில் அந்த அளவை மணிக்கட்டுதான் சொல்லும். என் தாத்தாவுக்கு முதலில் பழகக் கொடுத்தது, சீக்கிரம் வெட்டிச் சாய்க்க இருந்த கிழட்டு மரங்களை. நோயாளிகளில் அப்படி ஒரு வரிசை கிடையாது. சதையின் எதிர்ப்பை மோட்டார் மூலம் கையில் உணரவைக்கும் கருவிகள் உள்ளன. ஆனால் விலை அதிகம், உண்மையான சதைக்கு இன்னும் நிகராகவும் இல்லை. அதைச் சரிசெய்யப்போவது மருத்துவர்கள் மட்டும் அல்ல. இயற்பியலும் கணினியும் படித்தவர்கள்.

விலை உயர்ந்த கருவி இல்லாமலும் பழகலாம். மூடிய பெட்டி, உள்ளே ஒரு கேமரா, இரண்டு நீண்ட இடுக்கிகள், ஆறு சிறு ரப்பர் துண்டுகள். திரையைப் பார்த்தபடி துண்டுகளை ஒரு முளையிலிருந்து இன்னொரு முளைக்கு மாற்ற வேண்டும். அமெரிக்காவில் பொது அறுவை நிபுணர் சான்றிதழுக்கு எழுத வேண்டிய தேர்வு ஒன்றில் இந்தப் பயிற்சி உண்டு. கைப்பேசியும் அட்டைப்பெட்டியும் வைத்து வீட்டிலேயே இதைச் செய்துகொள்ளும் மருத்துவ மாணவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

தஞ்சோங் டாவாயிலிருந்து பீடோங் போகும் வழியில், செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வேறு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே திறந்தவெளி நாளுக்குப் போனாலும், கண்ணாடியை மாட்டிப் பார்த்த பிறகு பொறுப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் கருவியில் ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? அவர் செய்யும் தவறுகள் பதிவாகின்றனவா? தரத்தை எட்டாதவரை நோயாளியிடம் போகவிடாமல் நிறுத்தும் விதி இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.