பழம் பொடியானால் சத்து என்ன ஆகும்?

மும்பையில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் பழப் பொடிப் பொட்டலங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆவ்லா பொடி, ஆம்சூர், காரிக் பொடி, வாழைக்காய்ப் பொடி என்று பல ரகம். "தினம் ஒரு ஸ்பூன் போதும், இரத்தம் ஊறும்" என்கிறார் கடைக்காரர். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பத் தலைவியும் பிள்ளைகளை நினைத்து வாங்கிச் செல்கிறார். கொடுத்த காசுக்குச் சத்து கிடைக்கிறதா? பார்ப்போம்.

தண்ணீர் போனால் என்ன மிஞ்சும்?

பழத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். நெல்லிக்காயின் சதையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர். அதை வெயிலிலோ சூட்டிலோ உலர்த்தும்போது தண்ணீர் ஆவியாகிறது. சர்க்கரை, நார்ச்சத்து, பொட்டாசியம் போன்ற உப்புகள் அப்படியே தங்கிவிடுகின்றன. ஆகவே எடைக்கு எடை பார்த்தால், பொடியில் இவை பல மடங்கு கூடுதலாக இருக்கும்.

ஆனால் வைட்டமின் 'சி'யின் கதை வேறு. சூடு, வெளிச்சம், காற்று இந்த மூன்றும் அதற்குப் பகை. உலர்த்தும்போது அதில் ஒரு பகுதி அழிந்துவிடுகிறது. நாள்கணக்கில் கொளுத்தும் வெயிலில் போட்டால் இழப்பு இன்னும் அதிகம். பழத்தைப் பொடியாக்கினால் எல்லாச் சத்தும் கூடிவிடும் என்று நினைப்பது தவறு.

நெல்லிக்காய்

இந்திய உணவுகளின் சத்தை அளந்து பட்டியல் போட்டுத் தருவது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இது 1918-ல் நமது நீலகிரிக் குன்னூரில், மக்காரிசன் என்ற டாக்டரின் சிறிய ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கியது. 1958-ல்தான் ஐதராபாத்துக்குப் போனது.

இந்த நிறுவனத்தின் பழைய பட்டியல், 100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் வைட்டமின் 'சி' என்றது. 2017-ல் வந்த புதிய பட்டியல் சுமார் 250 என்கிறது. குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65-ம் போதும். நடுத்தர அளவு நெல்லிக்காய் ஒன்று அந்தத் தேவையை ஏறக்குறைய முடித்துவிடும். பொடியில் பாதி அழிந்தாலும் மிஞ்சுவது வீண் போகாது. ஆனால் அதைக் கொதிக்கும் நீரில் போடாதீர்கள்! மோரிலோ ஆறிய நீரிலோ கலந்து குடியுங்கள்.

ஆம்சூர்

பச்சை மாங்காயைச் சீவி உலர்த்தி அரைத்ததே ஆம்சூர். இதன் புளிப்புக்குச் சிட்ரிக் அமிலமும் ஒரு காரணம். பருப்பிலும் காய்கறியிலும் ஒரு சிட்டிகை போட்டால் ருசி கூடும். அதற்கு மேல் இதிலிருந்து சத்தை எதிர்பார்ப்பதில் பொருள் இல்லை. சிட்டிகை அளவில் எந்தப் பொடிதான் என்ன செய்துவிடும்?

காரிக் பொடி

மராட்டியக் குடும்பங்களில் பிள்ளை பெற்ற தாய்க்கு, காய்ந்த பேரீச்சைப் பொடி, பிசின், கொப்பரை சேர்த்து 'டிங்க்' லாடு செய்து கொடுப்பார்கள். நல்ல வழக்கம்தான். தெம்பு தரும். ஆனால் இந்தத் தெம்பு பெரும்பாலும் சர்க்கரையிலிருந்து வருவது. காய்ந்த பேரீச்சையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையே. இயற்கைச் சர்க்கரை என்றாலும் நீரிழிவுக்காரர்களுக்கு அது சர்க்கரைதான். 'நாட்டு மருந்து' என்று எண்ணி அள்ளிச் சாப்பிடக் கூடாது.

இரத்தம் ஊறுமா என்பது அடுத்த கேள்வி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேர். இந்தக் குறையை ஒரு ஸ்பூன் பேரீச்சைப் பொடியால் போக்க முடியாது. கீரை, பருப்பு, கேழ்வரகு ஆகியவற்றில் உள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. கூடவே வைட்டமின் 'சி' இருந்தால் நன்றாக ஏற்கும். ஆகவே கீரைச் சாதத்துக்கு நெல்லிக்காய்ப் பச்சடியோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரட்டை லாபம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த லாபம் போய்விடும். எப்போதும் சோர்வாக இருப்பவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பொடியை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

வாழைக்காய்ப் பொடி

கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் குழந்தைகளுக்குக் கஞ்சியாகக் காய்ச்சித் தரும் பொடி இது. மாவுச்சத்து மிகுதி, வயிறு நிறையும். ஆனால் ஆறு மாதம் முடியும் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன் பிறகும் இந்தக் கஞ்சியை மட்டுமே கொடுத்தால் புரதம் போதாது. பருப்பு, பால், முட்டை ஆகியவற்றையும் பழக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர்கள், வாழை, பேரீச்சைப் பொடிகளை டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. இவற்றில் பொட்டாசியம் அதிகம்.

லேபிளைப் படியுங்கள்

டப்பாக்களில் வரும் 'பழப் பான' பொடிகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. எந்தப் பொருள் அதிகமோ, அதைத்தான் லேபிளில் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதல் இடத்தில் சர்க்கரையோ மால்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால், நீங்கள் பழத்துக்கு விலை கொடுக்கவில்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது ஒரு வகை மாவுப் பொருள். பழச்சாற்றைத் தெளித்து உலர்த்தும்போது ஒட்டாமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரையும் நம்பிவிடாதீர்கள். உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. எனவே இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பில் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது.

இன்னொரு கணக்கும் உண்டு. கொட்டை போக, தண்ணீர் போக, ஒரு கிலோ நெல்லிக்காயில் சுமார் 150 கிராம் பொடி தேறும். ஒரு கிலோ பொடிக்கு ஆறேழு கிலோ காய் வேண்டும். மொத்தச் சந்தையில் அத்தனை காயை வாங்கும் விலையைவிடப் பொடி மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

வீட்டிலேயே செய்யலாம்

நெல்லிக்காய் குளிர்காலத்தில் மலிவு. மும்பையில் காற்று உலர்ந்திருப்பதும் அப்போதுதான். காயைக் கழுவித் துருவி, சுத்தமான துணியில் மெல்லிசாகப் பரப்பி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். மேலே ஒரு மெல்லிய துணி போர்த்தினால் ஈயும் தூசியும் அண்டாது. மொட்டை மாடி இல்லாத சாலில் ஜன்னலோரம் போதும். கையால் நொறுக்கினால் உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அரைத்து, இறுக மூடிய பாட்டிலில் இருட்டான அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். பூஞ்சை வாசனை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

கொய்யாப்பழம் விற்கும் கைவண்டியையும் மறந்துவிடாதீர்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் 'சி' உண்டு. பழம் கிடைக்கும் பருவத்தில் பழம், கிடைக்காத பருவத்தில் பொடி என்று வைத்துக்கொண்டால் உடம்புக்கும் நல்லது, பர்சுக்கும் நல்லது.