உள்மூலம்: எந்த நிலைக்கு எந்தச் சிகிச்சை?

ஆண்டாப் ஹில்லில் உள்ள மத்திய அரசு ஊழியர் குடியிருப்பிலிருந்து தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வரை வாழும் நம் வாடிக்கையாளர்கள் பலர், வெளியே சொல்லத் தயங்கும் நோய் ஒன்று உண்டு. அதுவே மூலநோய். தயக்கம் நீள நீள நோயும் முற்றுகிறது. ஆகவே அதன் சிகிச்சை முறைகளை இங்கே சுருக்கமாகத் தொகுத்துள்ளோம்.

ஆசனவாயின் உட்புறத்தில் உள்ள இரத்தக்குழாய்த் திண்டுகள் வீங்குவதே உள்மூலம். அப்பகுதியில் வலியுணர்வு நரம்புகள் இல்லாததால், பெரும்பாலும் வலியின்றியே இரத்தம் கசியும். மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றனர். வீக்கம் உள்ளேயே இருப்பது முதல் நிலை. மலம் கழிக்கையில் வெளிவந்து தானே உள்ளே செல்வது இரண்டாம் நிலை. கையால் தள்ள வேண்டியிருப்பது மூன்றாம் நிலை. உள்ளே செல்லாமலே தங்கிவிடுவது நான்காம் நிலை.

முதலிரு நிலைகளில் நார்ச்சத்துணவும், போதிய நீரும், முக்காமல் மலம் கழிக்கும் பழக்கமுமே பலருக்குப் போதும். போதாதபோது, மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் மாட்டுவர். இரத்த ஓட்டம் தடைப்பட்டு அது சில நாட்களில் உதிர்ந்துவிடும்.

முற்றிய நிலைகளுக்கு அறுவை தேவைப்படலாம். 1937இல் லண்டனின் மில்லிகன், மார்கன் ஆகியோர் விவரித்த அகற்றும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. வலி சில வாரங்கள் நீடிக்கும். எனினும் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. 1990களில் வந்த ஸ்டேப்ளர் முறையிலும், டாப்ளர் கருவியால் தமனியைக் கண்டு கட்டும் முறையிலும் வலி குறைவு. ஆனால் நோய் திரும்பும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். லேசர் முறை எல்லா நிலைகளுக்கும் ஏற்றதன்று. எனவே விளம்பரத்தை நம்பாமல், 'எனக்கு எந்த நிலை? இம்முறை ஏன்?' என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். தகுதியற்றோர் போடும் ஊசியும் பூசும் காரமருந்தும் ஆசனவாயையே சுருக்கிவிடக்கூடும்.

இரத்தப்போக்கு அனைத்தும் மூலமன்று. குடற்புற்றுநோயும் அவ்வாறே வெளிப்படலாம். நடுவயதைக் கடந்தோர் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். அருகிலுள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனையின் அறுவைப் பிரிவை அணுகலாம்.

காப்பீடு உள்ளோர் பாலிசியை ஒருமுறை படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் மூலநோய்க்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. ஆகையால் நோய் வருமுன் காப்பீடு எடுப்பதும், அறுவைக்குமுன் பணமில்லாச் சிகிச்சைக்கு ஒப்புதல் பெறுவதும் நன்று. சேமிப்பும் குலையாது, உடலும் தேறும்.