பதின்ம வயதினரும் பிற சமய அறிவும்: மணிமேகலை காட்டும் வழி

சிலாங்கூர் மாநிலம் சிப்பாங் மாவட்டத்திலுள்ள டெங்கில், பல சமயத்தார் அருகருகே வாழும் ஊராகும். 1990களில் புத்ராஜெயா உருவாக்கப்பட்டபோது பிராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் குடியமர்ந்தன. மலாய் முஸ்லிம்களும் சீனர்களும் தெமுவான் பழங்குடியினரும் அவர்தம் அயலவர்.

தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளியில் சேரும் மாணவர் பலர் அங்குதான் பிற சமய மாணவருடன் முதன்முதலாக ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஆனால், முஸ்லிம் மாணவர் இஸ்லாமியக் கல்விக்கும் ஏனையோர் நன்னெறிக் கல்விக்கும் பிரிந்து செல்வதால், ஒருவர் சமயத்தை மற்றவர் கேட்டறியும் வாய்ப்பு அந்நேரத்தில் அமைவதில்லை. அறிவு புகாத இடத்தில் கேலி புகுதல் எளிது.

தம் சமயமல்லாத சமயத்தில் போதனை பெறுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 12(3)ஆம் பிரிவு. பதினெட்டு வயது நிரம்பாதோரின் சமயத்தை முடிவு செய்வோர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்பது 12(4)ஆம் பிரிவு. இவற்றை எண்ணி ஆசிரியர் தயங்குதல் இயல்பே. எனினும், ஒரு சமயத்தை ஏற்கச் செய்தல் வேறு. அதனைப் பற்றி அறியச் செய்தல் வேறு. இவ்வேறுபாட்டைப் பெற்றோருக்கு முன்னரே விளக்குதல் வேண்டும்.

இதற்குரிய முறையைத் தமிழ் மரபிலேயே காணலாம். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி முதலியோரை அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே மணிமேகலை கேட்டறிகிறாள். பௌத்தத்தை உயர்த்த எழுந்த காப்பியமே பிற சமயத்தார் பேசுதற்கு இடமளிப்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இம்முறையில் நோன்பைப் பாடப்பொருளாகக் கொள்ளலாம். ரமலான் நோன்பு, தைப்பூச விரதம், கிறித்தவர்தம் தவக்காலம் ஆகியவற்றை அவற்றைக் கடைப்பிடிக்கும் மாணவரே விளக்கட்டும். 'தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாயா?' என்னும் வியப்பு, 'இந்நோன்பு உனக்கு எதைத் தருகிறது?' என்னும் வினாவாக மாறுமிடத்தில் பரிவு பிறக்கிறது. 'எல்லாச் சமயமும் ஒன்றே' எனச் சுருக்கிவிடலும் தகாது. முஸ்லிமுக்கு ரமலான் நோன்பு கடமை. காவடி எடுப்பவரின் விரதமோ பெரும்பாலும் நேர்த்திக்கடனைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டை மதித்தலே திறந்த மனம். உலகச் சமயங்கள் என்னும் பட்டியலில் இடம்பெறாத தெமுவான் மக்களின் மரபு நம்பிக்கைகளும் இதே மதிப்புடன் கேட்கப்படல் வேண்டும்.

பிறரிடம் இவ்வாறு கேட்கும் மாணவனிடம் பிறரும் கேட்பர். அவர்க்கு விடை கூறும்பொருட்டுத் தன் சமயத்தையும் அவன் ஆழ்ந்து கற்க வேண்டியவனாகிறான். பிற சமயம் அறிந்தால் பிள்ளைகள் தம் சமயத்தினின்று விலகுவர் என அஞ்சும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.