அட்டையைத் தூக்கிக் காட்டும் வகுப்பு

“எழுதியாச்சா? சிலேட்டைத் தூக்கிக் காட்டுங்க, பார்ப்போம்.”

ஒன்றாம் வகுப்பைக் கடந்து வந்த எவருக்கும் இந்தக் குரல் நினைவிருக்கும். முப்பது சிலேட்டுகள் ஒரே நேரத்தில் மேலே போகும். டீச்சர் ஒருமுறை கண்ணோட்டினால் போதும். யார் 6-ஐத் திருப்பிப் போட்டிருக்கிறான், யார் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள், யார் எழுதாமலே அழிப்பது போலப் பாவனை செய்கிறான் என்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். முழு வகுப்பும் ஒரே சமயம் பதில் சொல்ல, ஆசிரியர் அந்த இடத்திலேயே அதைப் படித்துக்கொள்கிறார். இன்று ‘வகுப்பறை மறுமொழித் தொழில்நுட்பம்’ என்று பெரிய பெயரில் பேசப்படுவதன் கருவும் இதுதான்.

கருவி மட்டும் மாறியிருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் பாடத்தின் நடுவே கேள்வி கேட்டு, ஒவ்வொரு மாணவரிடமும் பதில் வாங்கி, அவர்களையே ஒருவரோடு ஒருவர் விவாதிக்க வைத்தார். முதலில் அட்டைகளைத்தான் தூக்கிக் காட்டினார்கள். பிறகு ‘கிளிக்கர்’ வந்தது. டிவி ரிமோட் போன்ற சிறு கருவி அது. மாணவர் பொத்தானை அழுத்தினால் பதில் ஆசிரியரின் கணினிக்குப் போய்விடும். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மின்கருவி வாங்கித் தர நம் ஊர்த் தொடக்கப் பள்ளியால் ஆகாது.

இந்தச் செலவுச் சிக்கலுக்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு விடை கண்டார்கள். பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஆண்ட்ரூ கிராஸ், எட்வர்டு கட்ரெல், வில்லியம் தீஸ் ஆகியோர் 2012-இல் மின்கருவிக்குப் பதிலாகக் காகிதத்தை வைத்தார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு தாள். கடையில் பணம் செலுத்த நாம் ஸ்கேன் செய்யும் கியூஆர் கோடு போலத்தான் இருக்கும். அதன் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள். எந்த விடை சரியென்று நினைக்கிறோமோ, அந்தப் பக்கம் மேலே வரும்படி பிடித்துக் காட்ட வேண்டும். ஒரு சாதாரண வெப்கேமராவும் மடிக்கணினியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். 25 மாணவர்கள் கொண்ட வகுப்பில் 97 விழுக்காடு பதில்களைப் பத்தே விநாடிகளில் அது சேகரித்தது. செலவு, மின்கருவிகளுக்கு ஆவதில் பதினைந்தில் ஒரு பங்கு. இதே முறையில், வெப்கேமராவுக்குப் பதில் ஆசிரியரின் செல்போனைக் கொண்டு இயங்குவதுதான் இன்று பல நாடுகளில் புழங்கும் ‘பிளிக்கர்ஸ்’ செயலி. பிள்ளைகளுக்குப் போன் தேவையில்லை. ஒருவர் அட்டையைப் போல மற்றவருடையது இருக்காது என்பதால், பக்கத்தில் பார்த்துத் திருப்பிக்கொள்வதும் எளிதல்ல.

இது நம் ஊரான திருமுல்லைவாயிலின் பெற்றோருக்கு ஏன் தெரிய வேண்டும்? காரணம், நம் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே செல்போன் வழியாக மதிப்பிடப்படுகிறார்கள். கொரோனாவால் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளி வாசலையே பார்க்காத குழந்தை நேராக இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தது. அந்த இழப்பை ஈடுகட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தது நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான், அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். முதலில் மூன்றாம் வகுப்பு வரை. மறு ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை நீண்டது.

இத்திட்டத்தில் வகுப்பைவிடக் குழந்தை நிற்கும் நிலைதான் கணக்கு. அடிப்படையில் நிற்பவர் அரும்பு, நடுவழியில் இருப்பவர் மொட்டு, தன் வகுப்புக்கு உரியதை எட்டியவர் மலர். முல்லையின் பெயரைத் தாங்கிய ஊருக்கு இந்தச் சொற்களை விளக்க வேண்டியதில்லை. யார் எந்த நிலை என்று அறிய, ஆசிரியரின் செயலியில் வினா வரும். குழந்தையிடம் கேட்டுப் பதிலை அவர் பதிவு செய்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றாலும் முப்பது பேருக்கு இரண்டரை மணி நேரம். அதுவரை மற்ற 29 பேரை யார் பார்ப்பது? இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தும் பள்ளியில் இந்தச் சுமை இன்னும் கூடும். இணையவழி மதிப்பீடு கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் மீண்டும் மீண்டும் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அட்டை முறை உதவக்கூடிய இடம் இதுதான். 2024-இல் தமிழக அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80 ஆயிரம் கைக்கணினிகளை வழங்கத் தொடங்கியது. 23 ஆயிரத்துக்கு நெருக்கமான திறன்மிகு வகுப்பறைகளையும் அமைக்கத் தொடங்கியது. கேமரா இருக்கிறது, திரையும் வருகிறது. குறைவது முப்பது தாள் ஜெராக்ஸ் மட்டும்தான். அட்டை வைத்துப் படிப்பதும் நமக்குப் புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், தங்கள் அட்டையைத் தாங்களே எடுத்துப் படித்த பிள்ளைகள் இன்று பெற்றோராகியிருப்பார்கள்.

ஆனால் கேள்வி நன்றாக இல்லையென்றால் இந்த ஏற்பாடு முழுக்க வீண். 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். விடை 35. மற்ற மூன்று விடைகளையும் வாய்க்கு வந்தபடி எழுதக் கூடாது. 45 என்று ஒன்றை வையுங்கள். கடன் வாங்கத் தெரியாமல், 7-இலிருந்து 2-ஐக் கழித்த பிள்ளைக்கு அதுதான் விடை. 69 என்று ஒன்று வையுங்கள். கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டிய பிள்ளை அங்கே போகும். விரல்விட்டு எண்ணுகையில் ஒன்று பிசகிய பிள்ளைக்கு 36. மூவரும் தவறுதான், ஆனால் மூவருக்கும் வேறு வேறு மருந்து. 45-ஐக் காட்டும் அட்டைகள் பன்னிரண்டு என்றால், அன்றைக்குப் புதுப் பாடம் வேண்டாம். பத்துக் குச்சிக் கட்டை எடுத்து, அவிழ்த்து, கடன் வாங்குவதைக் கண்ணெதிரே காட்ட வேண்டும். 36-ஐக் காட்டியது இரண்டு பேர் என்றால் அவர்களை மட்டும் மாலையில் கூப்பிட்டு உட்காரவைத்தால் போதும். மதிப்பெண்ணால் இதைச் சொல்ல முடியாது. ‘பத்துக்கு ஆறு’ என்பதில் எந்தப் பிழை என்ற செய்தியே கிடையாது.

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையும் வேண்டும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டினாலும் நான்கு பேரில் ஒருவருக்குச் சரியாக அமைந்துவிடும். ஒன்றுமே தெரியாத முப்பது பிள்ளைகளிடம் கேட்டால் ஏழெட்டுப் பேர் ‘சரி’ என்று திரையில் பச்சை விழும். ஐந்து கேள்விகளில் மூன்று சரியானால் தேர்ச்சி என்று வைத்தால், வெறும் ஊகத்திலேயே பத்துப் பேரில் ஒருவர் தேறிவிடுவார். அதனால் ஒரே கருத்தை இரண்டு மூன்று விதமாகக் கேட்காமல் எந்தக் குழந்தையையும் அரும்பு என்றோ மலர் என்றோ முடிவுகட்டக் கூடாது.

இன்னொன்று, ஆறு வயதுப் பிள்ளைக்கு அட்டையைத் திருப்பிப் பிடிப்பதே ஒரு தேர்வு. விளிம்பில் பொடி எழுத்தில் உள்ள ஏ, பி, சி, டி அதன் கண்ணில் படாது. கணக்கு தெரிந்திருந்தும் அட்டையைத் தவறாகப் பிடித்ததால் தவறு என்று பதிவாகும். அட்டையின் பின்புறம், குழந்தையின் முகத்தைப் பார்க்கும் பக்கத்தில், ஒவ்வொரு விளிம்பிலும் மீன், குடை, இலை, நட்சத்திரம் என்று படம் வரைந்து, கேள்வியிலும் அதே படங்களைப் போட்டுவிட்டால் இது பெரும்பாலும் தீரும். நாள்பட உழைக்கட்டும் என்று பளபளப்பாக லேமினேட் செய்யாதீர்கள். வெளிச்சம் பட்டுக் கூசும், கேமராவால் படிக்க முடியாது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் அட்டையால் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கிறது. அதற்குக் காது கிடையாது. பல்லியின் படத்தைக் காட்டி, பல்லி, பள்ளி, பலி, பழி என நான்கு சொற்களைத் தந்தால் பிள்ளை சரியான சொல்லைக் காட்டிவிடலாம். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால்தான் ‘ள’வும் ‘ல’வும் அதன் நாவில் ஒன்றாகிவிடுவது தெரியும். அம்பத்தூர் தொழிற்பேட்டையை நம்பி வடமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். வீட்டில் இந்தி பேசும் குழந்தைக்கு அந்த இரண்டு ஒலிகளையும் பிரித்துக் கேட்பதே கடினம். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஆசிரியர் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். 2005-இலிருந்து கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் ‘ஏசர்’ ஆய்வும் ஒவ்வொரு குழந்தையையும் தனியே வாசிக்கவைத்தே கேட்கிறது. தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-இல் 10.2 விழுக்காடு, 2022-இல் 4.8 விழுக்காடு என்று சொன்னது அந்த ஆய்வுதான். அட்டை மிச்சப்படுத்தும் நேரம் இப்படி வாசிக்கக் கேட்பதற்குப் போக வேண்டும். இன்னொரு படிவம் நிரப்பப் போகக் கூடாது.

திரையில் பெயர்களோடு சிவப்பும் பச்சையும் காட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். ஏழு வயதுக் குழந்தை தன் பெயர் சிவப்பில் நிற்பதை நாற்பது கண்களோடு சேர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. எத்தனை பேர் எந்த விடை என்பது மட்டும் திரைக்குப் போதும். பெயர்ப் பட்டியல் ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும்.

அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கோ பெற்றோர் கூட்டத்துக்கோ போகும்போது, “என் பிள்ளை எத்தனை மார்க்?” என்று கேட்காதீர்கள். “எந்த இடத்தில் தடுக்குது டீச்சர், அதுக்காக இந்த வாரம் என்ன மாத்தினீங்க?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை என்றால், அதையும் கூட்டத் தீர்மானத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள்.