ட்ராகன் காட்டு விலங்கா, வளர்ப்பு விலங்கா?

ஹரி பொட்டர் நாவல்களை வாசித்த சிநேகிதிகள் சிலரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். அந்த மந்திர உலகத்தின் ட்ராகன்கள் காட்டு விலங்குகளா, வளர்ப்பு விலங்குகளா? "காட்டு விலங்குதான்" என்றனர் சிலர். "அப்படியென்றால் கிரிங்கொட்ஸ் வங்கியில் காவலுக்கு நின்றது என்ன?" என்று மற்றவர்கள் மடக்கினார்கள். இரு பக்கமும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. 'பழக்குதல்', 'வளர்ப்பு விலங்காக்குதல்' என்ற இரண்டையும் ஒன்றென நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் என்பது என் எண்ணம்.

பழக்குதல் ஒரு தனி விலங்குக்கு நடப்பது. காட்டில் பிறந்த ஒன்று மனிதனுக்கு அடங்கி நடக்கக் கற்றுக்கொள்கிறது. அதன் குட்டிக்கு அந்த அடக்கம் பிறப்பிலே வருவதில்லை. வளர்ப்பு விலங்காக்குதலோ ஓர் இனத்துக்கே நடப்பது. மனிதன் சாதுவானவற்றைத் தெரிவுசெய்து, தலைமுறை தலைமுறையாக இனம்பெருக்கி, அவற்றின் இயல்பையே மாற்றிவிடுகிறான். ஆடும் மாடும் கோழியும் அப்படி வந்தவை. 1959இல் சோவியத் விஞ்ஞானி திமித்ரி பெல்யாயெவ் சைபீரியாவில் வெள்ளி நரிகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதருக்கு மிகக் குறைவாக அஞ்சிய நரிகளை மட்டுமே இனவிருத்திக்குத் தெரிவுசெய்தார். சில தலைமுறைகளிலேயே மனிதரைக் கண்டு வாலாட்டும் நரிக்குட்டிகள் பிறந்தன. எவரும் அவற்றுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

யானையை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஏறாவூரின் முஸ்லிம் பணிக்கர்கள் காட்டு யானையின் பின்னங்காலில் கயிற்றுச் சுருக்கை மாட்டிப் பிடிப்பதிலே பேர்போனவர்கள். கண்டிப் பெரஹராவில் நெடுங்காலம் பேழை சுமந்து, 1988இல் இறந்த 'ராஜா' என்ற யானையும் ஏறாவூர்க் காட்டில் பிடிபட்டதுதான். அப்படி மனிதனுக்கு உழைத்த யானைகளிற் பெரும்பாலானவை காட்டிலே பிறந்தவை. ஆகவே யானை பழக்கப்பட்ட விலங்கு. மாட்டைப் போன்ற வளர்ப்பு விலங்கு அல்ல.

இனி ட்ராகனிடம் வருவோம். 1997இல் வெளிவந்த முதல் நாவலில் ஹக்ரிட் ஒரு முட்டையை நெருப்பில் வைத்துப் பொரிக்க வைக்கிறார். குஞ்சுக்கு நோர்பேர்ட் என்று பெயரிட்டு, தாயைப் போலக் கொஞ்சுகிறார். அதுவோ ரொனின் கையைக் கடித்து வீங்கச் செய்கிறது. ஹக்ரிட்டின் காலையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் அதை ருமேனியாவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. முட்டையிலிருந்தே அன்பாக வளர்த்தாலும் இனத்தின் குணம் மாறாது என்பதற்கு நோர்பேர்ட் சாட்சி.

இறுதி நாவலில் வரும் வங்கி ட்ராகனின் கதை வேறு. நிலத்துக்கடியில் நெடுநாள் அடைபட்டு அதன் செதில்கள் வெளிறிவிட்டன. கண்ணும் மங்கிவிட்டது. கால்களில் சங்கிலி. குறிப்பிட்ட ஓர் ஓசை கேட்டால் அது நடுங்கிப் பின்வாங்குகிறது. அந்த ஓசையைத் தொடர்ந்து வேதனை வரும் என்று அடித்தடித்துக் கற்பித்திருக்கிறார்கள். இதைப் பார்த்துத்தான் சிலர் 'வளர்ப்பு விலங்கு' என்கிறார்கள். ஆனால் அங்கே நாம் காண்பது பயம் மட்டுமே. சங்கிலி அகன்றதும் அது சுவரைப் பிளந்துகொண்டு வானில் எழுகிறது. முதுகில் ஏறியிருந்த மூவரையும் அது பொருட்படுத்தவேயில்லை.

ட்ராகனைப் பழக்கவோ வளர்ப்பு விலங்காக்கவோ முடியாது என்பதே ரோலிங்கின் மந்திர உலகம் அதற்கு வழங்கியிருக்கும் தரம். ஆனால் அதே உலகத்தில் 1709இல் கூடிய மந்திரவாதிகளின் மாநாடு ட்ராகன்களை இனம்பெருக்குவதைத் தடைசெய்துவிட்டதாகவும் கதை சொல்கிறது. இங்கேதான் எனக்குச் சுவாரசியம். இனம்பெருக்கித் தெரிவுசெய்யாமல் எந்த இனமும் வளர்ப்பு விலங்காகாது. அப்படியானால் 'முடியாது' என்ற தீர்ப்பு, எவரும் செய்துபார்க்க அனுமதிக்கப்படாத ஒன்றைப் பற்றியது. ட்ராகனின் மூர்க்கத்தோடு மனிதர் போட்ட சட்டமும் சேர்ந்தே அதைக் காட்டு விலங்காக வைத்திருக்கிறது.

எனவே ட்ராகன்கள் காட்டு விலங்குகளே என்பது என் முடிவு. நோர்பேர்ட் செல்லமாக வளர்க்கப்பட்ட காட்டு விலங்கு. வங்கி ட்ராகன் சிறைப்பட்ட காட்டு விலங்கு. கற்பனைக் கதைக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்று நீங்கள் கேட்கலாம். சங்கிலியோடு அமைதியாக நிற்கும் யானையைப் பார்த்து, "பாவம், சாதுவான பிராணி" என்று நெருங்கிப் போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அடங்கி நிற்பதெல்லாம் இணங்கி நிற்பதல்ல. அந்த வேறுபாடு தெரிந்தால் அவர்கள் எட்டி நிற்பார்கள். அந்த யானை ஏன் அங்கே நிற்கிறது என்றும் யோசிப்பார்கள்.