காந்தம் ஒட்டலைன்னா நல்ல ஸ்பூனா? ஹோட்டல் கட்லரி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

புதிதாக ரெஸ்டாரன்ட் திறப்பவர்கள் மேஜை, நாற்காலி, விளக்கு, மெனு கார்டு என எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் அலைவார்கள். ஸ்பூன், ஃபோர்க் என்று வந்தால் மட்டும், 'பளபளன்னு இருக்கா, விலை கம்மியா... சரி, போட்டுக் கொடுங்க' என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால், சாப்பிட வருபவர் கையில் எடுத்து வாயில் வைக்கும் பொருள் அது. அதில் ஒரு துருப்புள்ளி கண்ணில் பட்டால் போதும், 'இவங்க கிச்சன் எப்படி இருக்குமோ' என்ற சந்தேகம் வந்துவிடும். அதற்குப் பிறகு சாப்பாடு எவ்வளவு ருசியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

18/10, 18/0... இந்த எண்கள் என்ன?

நாம் எவர்சில்வர் என்று சொல்வது இரும்பும் குரோமியமும் கலந்த உலோகம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913-ல் உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகு, முதலில் பேர் வாங்கியதே சாப்பாட்டு மேஜைக் கத்திகளில்தான். குரோமியம், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படர்ந்து துருவைத் தடுக்கிறது.

ஸ்பூன் பெட்டியின் மேல் இருக்கும் எண்களில் முதலாவது குரோமியத்தின் சதவிகிதம், இரண்டாவது நிக்கலின் சதவிகிதம். 18/10, 18/8 என்றால் நிக்கல் நன்றாகவே இருக்கிறது. பளபளப்பு நீண்டநாள் நிற்கும். உப்பு, புளி, எலுமிச்சையைத் தாங்கும். 18/0 என்றால் நிக்கல் இல்லை. விலை குறைவு, பராமரிப்பு கொஞ்சம் அதிகம்.

காந்தச் சோதனை பாதி உண்மைதான்!

'காந்தம் ஒட்டலையா? அப்போ ஒரிஜினல்' என்பது பாத்திரக்கடையில் அடிக்கடி கேட்கும் வசனம். 18/0 காந்தத்தில் ஒட்டும், 18/10 பெரும்பாலும் ஒட்டாது என்பது உண்மை. ஆனால், நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்யப்படும் 200 வரிசை எஃகும் காந்தத்தில் ஒட்டாது. ஜே4 என்று கடைகளில் சொல்வது இந்த ரகம்தான். பார்க்க அப்படியே 18/8 மாதிரி இருக்கும். தினமும் சாம்பாரிலும் ஊறுகாயிலும் புழங்கும்போது சீக்கிரம் புள்ளி விழும்.

ஆக, காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். எந்த கிரேடு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

கத்தி விஷயத்தில் இது தலைகீழ். கூர்மை நிற்க வேண்டும் என்றால் கடினமான எஃகு வேண்டும். அதற்காக 13 சதவிகித அளவில் குரோமியம் உள்ள, காந்தத்தில் ஒட்டும் ரகத்தில்தான் கத்தி செய்வார்கள். ஒட்டுகிறதே என்று திருப்பிக் கொடுக்காதீர்கள்.

கையில பிடிச்சுப் பாருங்க

ஸ்பூனின் குழிவும் கைப்பிடியும் சேரும் கழுத்துதான் முதலில் வளையும். அங்கே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்தால் வேண்டாம். கைப்பிடி 2 மி.மீ-க்குக் குறையாமல் இருந்தால் ஹோட்டல் புழக்கத்துக்குத் தாங்கும். ஃபோர்க்கின் பற்களுக்கு இடையே விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் பாலிஷ் சரியில்லை. உணவுத் துணுக்கு அங்கேதான் ஒட்டும்.

தங்க நிறம், கறுப்பு நிறம் இப்போது ஃபேஷன். போட்டோவில் அழகுதான். ஆனால், நார் போட்டுத் தேய்க்கும் கிச்சனில் மேல்பூச்சு கீறிவிடும்.

மெனுவைப் பார்த்து லிஸ்ட் போடுங்க

சாம்பார் இட்லிக்குக் குழிவான ஸ்பூன் வேண்டும். பிரியாணி, ஃப்ரைடு ரைஸுக்கு நடுத்தர அளவு போதும். பெரிய டேபிள் ஸ்பூன் வாய்க்குள் நுழையாது, அதைப் பரிமாற வைத்துக்கொள்ளலாம். பாயசம், ஐஸ்க்ரீமுக்குச் சின்ன ஸ்பூன். கத்தி தேவைப்படும் பதார்த்தமே மெனுவில் இல்லை என்றால், எல்லா டேபிளுக்கும் கத்தி எதற்கு?

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு செட் டேபிளில், ஒரு செட் கழுவும் இடத்தில், ஒரு செட் கையிருப்பில் என இருக்கைக்கு மூன்று வைத்துக்கொண்டால் பிஸியான நேரத்திலும் ஈர ஸ்பூன் டேபிளுக்கு வராது. நான்கு வருடம் கழித்தும் கிடைக்கக்கூடிய சாதாரண டிசைனாகத் தேர்ந்தெடுங்கள். ஏனென்றால், ஸ்பூன் தொலையும். எச்சில் இலையோடும் டிஷ்யூவோடும் குப்பைத்தொட்டிக்குப் போவதுதான் அதிகம். இங்கே 18/0-வுக்கு ஒரு லாபம் இருக்கிறது. தொட்டியின் வாயில் காந்தம் பொருத்திய மூடி வைத்தால், விழும் ஸ்பூனைப் பிடித்துக்கொள்ளும். 18/10-ஐ அது பிடிக்காது. பட்ஜெட் குறைவு, ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள் என்றால், கனமான 18/0 ஒன்றும் மோசமான தேர்வு இல்லை.

ஆயுள் சிங்க்கில் இருக்கிறது

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறினால் புள்ளி விழும். ப்ளீச்சிங் பவுடரில் இருக்கும் குளோரின், அந்தக் குரோமியப் படலத்தையே அரிக்கும். இரும்பு நார் கீறலைப் போட்டு, தன் துருவையும் ஒட்டிவிட்டுப் போகும். கழுவியதும் துணியால் துடைத்து வைப்பது முக்கியம். போர்வெல் தண்ணீரின் வெள்ளைக் கறை படிந்தால், வினிகர் தொட்டுத் துடைத்து உடனே அலசிவிடுங்கள்.

மொத்த ஆர்டர் கொடுக்கும் முன், ஆறு ஸ்பூன், ஆறு ஃபோர்க் மட்டும் வாங்குங்கள். உங்கள் சாம்பார், உங்கள் தண்ணீர், உங்கள் கழுவும் ஆள், அதே சோப்பு... இரண்டு வாரம் அப்படியே புழங்க விடுங்கள். பதினைந்தாம் நாளும் கூச்சப்படாமல் டேபிளில் வைக்க முடிகிறதா? அப்போ தைரியமா ஆர்டர் போடுங்க!